ரீச்சரின் சீற்றில் தோட்டத்துப் பின்னல்

இன்றைக்கும் பள்ளிக்கூட வாசலில் தையல் ரீச்சரின் சைக்கிள் நிற்கிறது. சீற்றில் உறையாக நீ பின்னிய கம்பளித் துண்டு. சிவப்பு வெளிறிவிட்டது, மொட்டுமொட்டாய்ப் புடைத்தது மட்டும் அமுங்கவில்லை. இத்தனை மாதம் ரீச்சர் குந்தியும் அமுங்கவில்லை என்றால் பார்த்துக்கொள். அவா லேசான ஆளில்லை.

கலவரத்தோடு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து லொறியில் வந்தபோது நீ போட்டிருந்த சுவெற்றர் அது. உனக்குச் சிறுத்துப்போனதும் பிரித்து நூலாக்கினாய். "கிளிநொச்சி வெயிலுக்குக் கம்பளியோ? ஆருக்கு, எருமைக்கோ?" என்று கேட்டேன். "ஆமா, ஒனக்குத்தான்" என்றாய்.

பின்னக் கம்பி வேண்டுமென்றாய். என் அண்ணாவின் சைக்கிள் சில்லில் இரண்டு கம்பி குறைந்தது. சில்லு நெளிந்து ஓட, அவர் றோட்டுப் போட்டவனைத் திட்டினார்.

ஒரு கண்ணை, அதுதான் கம்பியில் நிற்கும் நூல் வளையத்தை, பின்னுவாய். அடுத்ததைப் பின்னாமல் அப்படியே மற்றக் கம்பிக்குத் தூக்கிப்போடுவாய். விட்டுவிட்டாய் என்று நான் கத்துவேன். "விடல புள்ள, தூக்கி வச்சிருக்கேன். மேல வரிசையில புடிச்சிருவேன்" என்பாய். பிடிப்பாய். அந்த இழுவையில் துணி பாகற்காய்த் தோல் மாதிரிப் புடைக்கும். பாகல் பின்னல் என்று பெயர் வைத்தவள் நான்.

ரீச்சர் வைத்த பெயர் வேறு. "இது தோட்டத்துப் பின்னல். அவிட்டுப்போட்டு நேராய்ப் பின்னிக்கொண்டு வாரும். இல்லாட்டிக் கண்காட்சி மேசையில வைக்கேலாது."

"பிரிக்க மாட்டேன் ரீச்சர்" என்றாய்.

கண்காட்சி உன் பின்னல் இல்லாமலே நடந்தது. அன்று மத்தியானம் வெயிலில் கொதித்த ரீச்சரின் கறுப்புச் சீற்றில் அதைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டேன். அவா கிள்ளிப் பார்த்தா, சுற்றிப் பார்த்தா, ஏறிக் குந்தினா, போனா. அடுத்த நாளும் அது சீற்றில்தான் இருந்தது.

மாரி மழையோடு மலேரியா வந்து ஒரு கிழமையில் உன்னைக் கொண்டுபோனது. நீ பாதியில் விட்ட அடுத்த துண்டை, கம்பியோடேயே உன் அம்மா என்னிடம் தந்துவிட்டுப் போனா.

நாளைக்கு இந்த வருசக் கண்காட்சி. "மிச்சத்தை நேர்ப்பின்னலாய் முடியும் பிள்ளை. அவளின்ரை பேரைப் போட்டு வைப்பம்" என்றா ரீச்சர். குரல் இரக்கமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. மாட்டன் என்றேன். அப்படியென்றால் மேசையில் இடமில்லை என்றா.

இடமில்லாவிட்டால் போகட்டும். சீற்றில் இருப்பதைக் கழற்றி, உன் மாதிரியே நான் பின்னி முடிக்கும் இந்தத் துண்டையும் சேர்த்து வாசல் மதிலில் விரிப்பேன். அட்டையில் உன் முழுப் பெயர். கீழே பெரிய எழுத்தில், தோட்டத்துப் பின்னல். ரீச்சர் வெறும் சீற்றில், மத்தியான வெயிலில் வீடு போய்ப் பார்க்கட்டும்.

என் மொட்டுகள் உன்னுடையவை போல வரவில்லை. ஒன்று பாகல், ஒன்று பூசணி. சிரிக்காதே. கம்பியில் ஒரு கண்ணைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

விடவில்லை, புள்ள.