என்னை வைத்து ஓர் உதாரண வாக்கியம்

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், என் முட்டியைத் தவிர. அங்கே நீயும் மருமகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள், கேட்டாலும் அதைத்தானே சொல்வீர்கள்.

உன் அகராதி ஆபீசிலிருந்து நீ அனுப்பிய பத்திரிகை வந்தது. அப்பாவின் கண்ணுக்கு இப்போது தலைப்பு எழுத்துகூடத் தெரிவதில்லை என்பதால் உன் கட்டுரையை நான்தான் வாசித்துக் காட்டினேன். வெலியிட்டி என்று ஒரு சொல்லாம். லத்தீனில் வெல்லே என்றால் விரும்புவது, அதிலிருந்து அந்தக் காலத்து மதப் பண்டிதர்கள் உண்டாக்கியது, ஆங்கிலத்துக்கு வந்து நானூறு வருஷமாகியும் பேச்சில் யாரும் சீண்டுவதில்லை என்று எழுதியிருக்கிறாய். ஆசை மட்டும் இருக்கும், அதற்காக ஒரு துரும்பையும் கிள்ளிப் போடமாட்டான், அந்த ஆசைக்குத்தான் இந்தப் பெயர். பஸ் ஓட்டியே காலம் தள்ளிய உன் அப்பா, "வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு கியர் போடாம உக்காந்திருக்கறதுதானே, அதுக்கு லத்தீன் வரைக்கும் போகணுமா" என்றார். நானாக இருந்தால் வாய்ப்பந்தல் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன்.

அதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். கீழே உதாரணம் கொடுத்திருந்தாய் பார், அம்மாவைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு வருஷாவருஷம் ஒரு வெலியிட்டி வரும் என்று. அந்த வரியை அப்பாவுக்கு வாசிக்காமல் தாண்டிவிட்டேன். உடம்பு இளைக்க ஆசைப்பட்டுக்கொண்டே பூரியை மொக்குகிறவன், அலமாரியை அடுக்கப் போகிறேன் என்று பத்து வருஷமாகச் சொல்கிறவள், இவர்களெல்லாம் அகப்படாமல் உனக்கு நான்தானா கிடைத்தேன்? தெரியாமல் எழுதியிருந்தாலாவது மனசு ஆறும். தெரிந்தே, அதுவும் ரசித்து எழுதியிருக்கிறாய்.

அடுத்த மாத முதல் வாரத்தில் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். பார்வை திரும்பும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை, மிச்சமிருப்பதும் போகலாம் என்கிறார். "அதுக்கு முன்னாடி ஒரு தடவ அவன் மூஞ்சியப் பாத்துக்கறேன்" என்று அப்பா தினமும் சொல்கிறார். போனில் சொன்னால், வரணும்னு ஆசைதாம்மா என்று நீ ஆரம்பிப்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. மருமகளை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். அந்த வாக்கியத்தை மட்டும் மாற்றிவிடு, அதை மேஜையில் உட்கார்ந்து மாற்ற முடியாது, வாசலில் வந்து நின்றுதான் மாற்ற வேண்டும்.

இப்படிக்கு,
உன் உதாரணம்,
அம்மா