இரண்டரையில் நிற்கிற ஊசி

மச்சான்,

இன்று காலை உன் கராஜ் கதவைத் திறந்ததும் பெற்றோல் மணம் மூக்கில் அடித்தது. சனிக்கிழமை உன் மகளுக்குக் கல்யாணம். அப்பாவின் பழைய காரில்தான் மாதா கோயிலுக்குப் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஓட்டப்போவது நான். நீ கண்ணை மூடியபிறகு கொட்டாஞ்சேனையை விட்டு வெளியே போகாத காரில் ஒரு மணமகளை ஏற்றுவதென்றால் எனக்கே பயமாக இருக்கிறது.

பொனற்றைத் தூக்கிப் பார்த்தேன். பெற்றோலின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேற்றர் கசிகிறது. உள்ளே இருக்கிற ரப்பர் சவ்வு வெடித்துப்போயிற்று. உடனே பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்தேன்.

நீ அந்தப் பழையதைப் பூட்டிய நாள் நினைவிருக்கிறது. பழைய பம்ப் செத்துப்போக, கரண்டில் ஓடுகிற பம்ப் ஒன்று போட்டாய். அது தள்ளுகிற வேகத்தைக் காபரேற்றர் தாங்காது என்று இரண்டுக்கும் நடுவில் இந்தச் சின்ன உருண்டையை வைத்தாய். தலையில் ஒரு திருகாணி, அதை இறுக்கிப் பிடிக்க ஒரு நட், பக்கத்தில் அழுத்தம் காட்டுகிற ஒரு கேஜ். ஊசி இரண்டரையில் வந்து நிற்கும்வரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாய்.

"இன்னும் கொஞ்சம் கூட்டிவிடு மச்சான், நல்லா இழுக்கும்" என்றேன்.

"வயிறு நிறைஞ்சவனுக்கு இன்னும் ஊட்டினா சத்திதான் எடுப்பான்" என்றாய்.

உன் நிதானம் எனக்கு எப்போதுமே எரிச்சல்தான். அதுவும் கல்யாண நாட்களில். தெரிந்தவர், தெரியாதவர் எல்லார் கல்யாணத்துக்கும் உன் கார்தான் போகும். அதற்கு மல்லிகைச் சரம் கட்டும்போது உன் முகத்தில் இருக்கிற பூரிப்பை மாப்பிள்ளைகளிடம்கூட நான் பார்த்ததில்லை.

அந்த வெள்ளவத்தைக் கல்யாணத்தன்று, பெண் வீட்டில் உன்னை உள்ளே கூப்பிட்டுப் பற்றிஸும் ரோல்ஸும் தந்து உபசரித்துக்கொண்டிருந்தார்கள். நான் காரோடு வெளியே நின்றேன். வரும் வழியில் முன்னால் போன வீடியோ வான்காரன் நாம் ஊர்ந்து வருவதைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது எனக்குப் பொறுக்கவில்லை. பொனற்றைத் தூக்கினேன். நட்டைத் தளர்த்தி, உன் ஸ்க்ரூட்ரைவரால் திருகாணியை அரைச் சுற்றுத் திருப்பினேன். பொனற்றை மூடிவிட்டுப் பெரிய மனிதன்போல் கையைத் துடைத்துக்கொண்டேன்.

பெண்ணை ஏற்றிக்கொண்டு கொள்ளுப்பிட்டிச் சந்திவரை கார் பறந்தது. சிவப்பு விளக்கில் நின்றது. நின்றது நின்றதுதான். காபரேற்றரிலிருந்து பெற்றோல் வழிந்து தெருவில் சொட்டியது. பின்னால் பஸ்காரர்கள் ஹோன் அடித்தே காதைக் கிழித்தார்கள். பட்டுச் சேலையோடு வேர்த்து ஒழுகிய பெண்ணை ஓர் ஓட்டோக்காரர்தான், "மிஸ், நகின்ன" என்று சிங்களத்தில் ஏறச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார். நீ குனிந்து ரெகுலேற்றரைப் பார்த்தாய். பிறகு ஒருதரம் என் முகத்தைப் பார்த்தாய். நான் பஸ்ஸைப் பார்த்தேன்.

பின்னாலே வந்த பெண்ணின் தகப்பன், "இந்தத் தகரத்தையா கொண்டந்தனீர்?" என்று கத்தினார். "என்ர பிழை ஐயா. நான்தான் வடிவாப் பாக்கேல்ல" என்று நீ கைகூப்பினாய். அதன் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் காரைக் கொடுக்கவில்லை. "அதுக்கு வயசு போட்டுது" என்று சொல்லிச் சமாளித்தாய். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

ஆனால் மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும் என்னைக் கூப்பிடுவாய். கிளிப்புகளை இறுக்குவாய், பைப் மூட்டுகளை விரலால் தடவி மணந்து பார்ப்பாய். எஞ்சினைப் போட்டுவிட்டு, "எவ்வளவில நிக்குது? நீ பாத்துச் சொல்லு" என்பாய். உனக்குக் கண் பார்வை மங்கிவிட்டது என்று நினைத்தேன்.

இன்று பழைய ரெகுலேற்றரைக் கழற்றி மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். அழுக்குக்குள்ளே சிவப்பாக ஏதோ தெரிந்தது. நகத்துக்குப் பூசுகிற கியூடெக்ஸ். திருகாணியிலிருந்து நட்வரை நூல்போல ஒரு கோடு இழுத்திருக்கிறாய், யாராவது தொட்டால் தெரியட்டும் என்று. அந்தக் கோடு இரண்டாக உடைந்து, ஒரு பாதி ஒரு பக்கம், மறு பாதி இன்னொரு பக்கம் நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கோடு, நேராக.

அன்றைக்கே உனக்குத் தெரியும். இத்தனை ஞாயிறும் தெரியும். இவ்வளவு மெல்லிய கோடு இழுத்தவனுக்குக் கண்ணில் என்ன குறை? நான் சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறாய். நான் இரண்டரை, இரண்டரை என்று இலக்கத்தை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறதடா.

புதியதைப் பூட்டி முடித்தபோது உன் மகள் தேத்தண்ணியோடு வந்தாள். "சனிக்கிழமை இடையில நிண்டிடாதுதானே அங்கிள்?" என்றாள்.

"அண்டைக்குக் கொள்ளுப்பிட்டியில நிண்டது அப்பாவின்ர பிழையில்லை மகள்" என்றேன். "திருகாணியைத் திருப்பினது நான். இவ்வளவு காலமும் சொல்லேல்ல." ஓட்டுவதற்கு வேறு ஆளைப் பார்க்கிறேன் என்பாள் என்று நினைத்தேன். சொன்னாலும் நியாயம்தான்.

பழைய ரெகுலேற்றரைக் காட்டினேன். அவள் அந்த உடைந்த கோட்டைத் தடவிப் பார்த்தாள். "என்ர கல்யாணத்துக்கு நீங்கள்தான் ஓட்டவேணும் எண்டு அப்பா ஆஸ்பத்திரியில வைச்சுச் சொன்னவர்" என்றாள். பிறகு உள்ளே போய், கல்யாணத்துக்கு வாங்கி வைத்திருந்த கியூடெக்ஸைக் கொண்டுவந்தாள்.

எஞ்சினைப் போட்டேன். "எவ்வளவில நிக்குது அங்கிள்?" என்றாள், உன்னைப்போலவே. குனிந்து கேஜைப் பார்த்து, "இரண்டரை" என்றேன். கோட்டை அவளே போட்டாள்.

சனிக்கிழமை மெதுவாகத்தான் ஓட்டுவேன் மச்சான். வீடியோ வான்காரன் சிரிக்கட்டும். ஸ்க்ரூட்ரைவரை உன் மேசையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.