பின்சில்லு முந்திய இறக்கம்

14 ஜனவரி 1987, புதன்கிழமை

இன்றைக்கும் பனி நிற்கவில்லை. விமான நிலையத்தில் வேலை முடிந்த மனைவி செல்வியை ஏற்றிக்கொண்டு லா சப்பலில் இருக்கிற வீட்டுக்குத் திரும்பினேன். எங்கள் காரை இழுப்பது முன்சில்லுகள்தான். அதனால் போன கிழமை முன்னுக்கு மட்டும் இரண்டு பனி ரயர் போட்டிருந்தேன். ஏற்றத்தில் மற்றக் கார்கள் வழுக்கி நிற்க, எங்கள் கார் அலுங்காமல் ஏறியது. எனக்குச் சரியான புளுகம், வாயெல்லாம் சிரிப்பு.

இறக்கத்தில் பிறேக்கை மிதித்தேன். முன்பக்கம் பிடித்தது. பின்பக்கம் சுழன்று வந்து, கார் வந்த வழியைப் பார்த்தபடி நின்றது. பின்னால் வந்துகொண்டிருந்த லொறி இப்போது எங்கள் முகத்துக்கு நேரே. நல்லகாலம், அது ஒருமாதிரி விலத்திப் போனது.

"இஞ்சேருங்கோ, பின்சில்லு எங்களை முந்திக்கொண்டு வந்திட்டுது" என்றாள் செல்வி. என் சட்டையைப் பிடித்த கையை அவள் வீடு வரைக்கும் விடவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகு பயம் போய்விட்டது. ஏன் அப்படிச் சுழன்றது என்ற கேள்விதான் போகவில்லை. மகனின் விளையாட்டுக் காரை எடுத்து, பிறேக் பிடித்த மாதிரிச் சில்லுகள் உருளாமல் கடதாசி செருகினேன். முன்சில்லுகளில் மட்டும் றப்பர் வளையம் மாட்டி, சவர்க்காரம் பூசிய தட்டத்தில் வைத்துச் சரித்தேன். வால் சுழன்று முன்னுக்கு வந்தது. நாலு சில்லிலும் மாட்டினேன். நேரே இறங்கியது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். அதேதான்.

செல்வி அகப்பையோடு குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விளங்கிச்சுதோ?"

"ஓம். இழுக்கிறதுக்கு ரெண்டு போதும். நிப்பாட்டுறதுக்கு நாலும் வேணும்."

"அப்ப மற்ற ரெண்டையும் போட்டிட்டு வந்து என்னை ஏத்துங்கோ. அதுவரைக்கும் நான் ரயிலிலைதான்."