மலை மரங்களுக்கு முறைத் தண்ணீர்

அன்பு மகள் கலைமகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், பசுவும் நலம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. குடகில் உனக்கு அட்டைக்கடி குறைந்திருக்கும், வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறோம். போன் இருக்கும்போது தபால் எதற்கு என்பாய். போன்தான் காரணம்.

சென்ற மாதம் நீ அனுப்பிய செய்தியில், நீ கருவி பொருத்தியிருக்கும் பெரிய மரம் நல்ல வெயில் நாளில் இருநூறு லிட்டர் தண்ணீர் குடிக்கிறது, இலையில் நீர் ஆவியாகப் போகும் இழுப்பிலேயே வேர்த்தண்ணீர் உச்சிக்கு ஏறுகிறது, மோட்டாரும் இல்லை கரண்டும் இல்லை என்று எழுதியிருந்தாய். பெருமை தாங்காமல் டீக்கடையில் படித்துக் காட்டினேன். மேலே ஒருவன் தண்ணீர் எடுக்கிறான் என்று கடைமடைக்காரர்களிடம் சொல்லலாமா? ஆளுக்கு இத்தனை மணி என்று முறை வைத்துப் பாய்ச்சும் நம் வாய்க்காலில், தன் நேரம் முடிந்ததும் மடையை அடைத்தவர் யாருமில்லை என்பது உனக்கே தெரியும். நம் வாய்க்காலின் மேல் வயல்காரர் தியாகராசன் அங்கேயே கணக்குப் போட்டார். காவேரி பொறக்குற எடத்துலயே இப்படி லட்சம் மரம் குடிச்சா நமக்கு என்னங்க வரும், அதுங்களுக்கும் முறை வைக்கணும், வாரத்துல ரெண்டு நாள் போதும் என்றார். மறு வாரமே எங்கள் பாசன சங்கத்தில் தீர்மானம் நிறைவேறியது. மலை மரங்கள் முறையின்றி நீர் எடுப்பதைத் தடுக்கக் கோரி கலெக்டருக்கு மனு. ஆதாரம், செயலாளர் அமிர்தலிங்கத்தின் மகள் கலைமகளின் ஆராய்ச்சி. கையெழுத்துப் போட வேண்டிய செயலாளர் நான். காட்டைக் காக்கப் போன பிள்ளையின் பெயரிலேயே காட்டின் மேல் புகார் போனால் நீ அங்கே யார் முகத்தில் விழிப்பாய்? மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை, ஏனென்றால் வாய்க்காலின் கடைசி வயலில் கமருன்னிஸாவின் சம்பா நாற்று நுனி கருக ஆரம்பித்திருந்தது.

கையெழுத்துக்கு முதல் நாள் அம்மா என் போனை வாங்கி, உன் செய்தியின் அடியில் 'மேலும் படிக்க' என்றிருந்ததை அழுத்தினாள். பேப்பரை அச்சிட்டவர் பேர் வரைக்கும் படிக்கிறீங்க, பெத்த பொண்ணு எழுதுனத பாதியில விட்டிருக்கீங்களே என்றாள். பனிமூட்டம் இறங்கினால் மரம் வேர்த்தண்ணீர் எடுப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடும், நனைந்த இலை வழியாகவே குடிக்கும், சில வேளை அந்த நீர் தண்டு வழியாகக் கீழே இறங்கி வேருக்கே போகும், இலையில் சொட்டுகிற பனி மண்ணில் ஊறி ஓடைக்குக் கசியும் என்று மீதி அங்கே இருந்தது. மறுநாள் கூட்டத்தில் அதையும் படித்தேன். தியாகராசன் நம்பவில்லை. கையில முறைய வச்சுக்கிட்டு தண்ணி வேணாம்னு விட்டவன நான் பொறந்ததுலேருந்து பாத்ததில்ல என்றார். கமருன்னிஸா எழுந்து, போன வருஷம் மழை கொட்டுனப்பகூட நீங்க மடையத் தொறந்துதானண்ணே வச்சிருந்தீங்க, மரம் மூடுதாம்ல என்றார். தீர்மானத்தை ஆதரித்தவர்களே அதிகம் சிரித்தார்கள்.

அன்று மாலை தூறல் போட்டது. தியாகராசன் மண்வெட்டியோடு போய், தன் முறை இரண்டு மணி நேரம் பாக்கி இருக்கும்போதே மடையை அடைத்தார். ஊர் பார்க்கட்டும் என்று கொஞ்சம் மெதுவாகவே அடைத்தார். கமருன்னிஸாவின் நாற்று இப்போது பச்சை பிடித்துவிட்டது. மனுவின் முதுகில் அம்மா மளிகைச் சாமான் பட்டியல் எழுதியிருக்கிறாள்.

உன் மலையில் பனி நன்றாக இறங்கட்டும், நீ நனையாமல் நூறாண்டு இரு. கம்பளியைப் பெட்டியில் வைத்துப் பூட்டாதே, போர்த்திக்கொள். ஒரு விஷயம், மறந்துவிடாதே. தியாகராசனை ஊரில் இப்போது மரம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூப்பிடுறது கூப்பிடட்டும், அது என்ன மரம்னு மட்டும் பாப்பாவக் கேட்டுச் சொல்லுங்க என்கிறார். பெயரைத் தெளிவாக எழுது.

இப்படிக்கு,
கடைசி வரி வரை படிக்கும் உன் அப்பா
அமிர்தலிங்கம்