குளிப்பாட்டிய தண்ணீர்

நவம்பர் 4, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து தூறல். மலை தெரியவில்லை. அது இருக்கும் பக்கம் வெள்ளையாக ஒரு மறைப்பு மட்டும். வண்டியின் பின் பிரேக் இழுக்கிறது, மெக்கானிக்கிடம் விட வேண்டும். விடவில்லை.

காலை கள்ளக்குறிச்சி ஜி.எச்., குழந்தைகள் வார்டு. அடிவாரத்துச் சின்ன டவுனின் மேட்டுத் தெருப் பிள்ளைகள். (டவுன் பெயர் செய்தியில் போய்விட்டது, இங்கே எதற்கு.) வாந்தி, பேதி. எல்லாம் தேறிவிட்டன. கடைசியாக வீட்டுக்கு அனுப்பப்பட்டவள் யாழினி, இரண்டு வயது. குளுக்கோஸ் ஏற்றிய கையில் இன்னும் பிளாஸ்திரி. அம்மா பெயர் ரேவதி. டாக்டர் அவளிடம் பேசும்போது பக்கத்தில் நின்றிருந்தேன். குழந்தை உடம்பில் இனித் தாங்க ஒன்றுமில்லை, திரும்பவும் பேதி கண்டால் உடனே கொண்டுவர வேண்டும், தாமதித்தால் கை மீறிவிடும் என்றார். சத்தமில்லாமல் சொன்னார். ரேவதி தலையாட்டிக்கொண்டே குழந்தையின் கொலுசைத் திருகிக்கொண்டிருந்தாள்.

பத்திரிகை ஆபீசுக்கு போன். டெஸ்க்கில் இருப்பவர் கேட்டது ஒன்றே: எத்தனை சாவு? இல்லை என்றேன். அப்படியானால் ரெண்டு பத்தி போதும் சார்.

மத்தியானம் மேட்டுத் தெரு. குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள் புகுந்து போகும் இடத்தில் மூட்டு விட்டிருக்கிறது. தோண்டிக்கொண்டிருந்தவர் விளக்கினார். தண்ணீர் விடும்போது அந்த வாயால் வெளியே பீய்ச்சும். நிறுத்தியதும் அதே வாயால் சாக்கடையை உள்ளே உறிஞ்சும். தினமும் காலையில் ஒரு முறை வெளியே, ஒரு முறை உள்ளே. குழாய் மூச்சு விடுகிறது என்று எனக்குத் தோன்றியதேயில்லை. கொஞ்ச நேரம் குழிக்குள் பார்த்துக்கொண்டு நின்றேன். சட்டையெல்லாம் சேறு, வீட்டில் திட்டு.

மாலை பேரூராட்சியின் மைக் ஆட்டோ வந்தது. "குடிநீரில் மருந்து கலக்கப்பட்டுள்ளது. பொதுமக்கள் அச்சமின்றிப் பருகலாம்." குளோரின் கூட்டிப் போட்டிருக்கிறார்கள். நல்லது. செய்தியில் அப்படியே எழுதினேன்.

நவம்பர் 5, புதன்

மழை இல்லை. புழுக்கம். பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்கணும்.

மேட்டுத் தெருவுக்குப் போனால் தெரு முழுக்க ஈரம். வானத்துத் தண்ணீர் இல்லை. குழாயில் பிடித்ததைக் குடம் குடமாகக் கொட்டியிருக்கிறார்கள். பெண்கள் ஏரிக்கரைக் கிணற்றிலிருந்து சேந்தி வருகிறார்கள். அந்தக் கிணற்றில் மழைக்கு ஊர் அழுக்கெல்லாம் இறங்கியிருக்கிறது.

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு ஒருத்தி குடத்தைக் கவிழ்த்துக்கொண்டே சொன்னாள்: "நேத்து வரிக்கும் பேதி. இன்னிக்கு மருந்து. ஒரேடியா முடிச்சிடலாம்னு பாக்கறானுங்கோ."

மருந்து. இந்தப் பக்கத்தில் அந்தச் சொல் எங்கே புழங்குகிறது என்று எனக்குத் தெரியாதா? பருத்திக்கு அடிப்பது மருந்து. எலிக்கு வைப்பது மருந்து. 'அவன் மருந்து குடிச்சிட்டான்' என்றால் எந்த ஊரிலும் ஒரே அர்த்தம், அடுத்த கேள்வி எந்த ஆஸ்பத்திரி என்பதுதான். போதாததற்குக் 'கலக்கப்பட்டுள்ளது'. கருணாபுரத்துக் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு இந்த மாவட்டத்தில் குடிக்கிற எதிலும் எதையும் கலந்தேன் என்று ஒருவன் மைக் வைத்துச் சொல்லலாமா. அதைக் கேட்டு நானும் தலையாட்டினேன்.

தண்ணீர் திறந்துவிடும் ஆறுமுகத்தை மடக்கி வைத்திருந்தார்கள். நீ குடி பார்ப்போம் என்கிறார்கள். அவர் தனக்குச் சளி என்றார். தெருவே சிரித்தது, ஆனால் அதோடு முடிந்தது. அவர் வீட்டில் கேன் தண்ணீர் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ரேவதி வாசலில். அவள் பிறந்த ஊர் கல்வராயன் மலையில் மேலே, கல்யாணமாகி இறங்கியவள். புருஷன் கேரளாவில் கட்டட வேலை. என்னிடம் பதற்றமில்லாமல்தான் பேசினாள். "எங்க மலையில தண்ணிக்கு வாசனையே கெடையாதுங்க சார். இது மூக்க எரிக்குது. இத எப்படிங்க புள்ளைக்குக் குடுக்கறது?" வெள்ளிக்கிழமை பஸ்ஸில் குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போய்விடப் போகிறாள். அதுவரை கிணற்றுத் தண்ணீர். காய்ச்சித்தானே கொடுக்கிறாய் என்றேன். சூடு பண்ணித் தருகிறாளாம். கொதிக்கவிட்டால் கேஸ் தீர்ந்துபோகும்.

சுகாதார நிலையத்து நர்சம்மா வந்தார். இரண்டு சின்ன பாட்டில், உள்ளே ஏதோ பொடி. கிணற்றுத் தண்ணீர் ஒன்றில், குழாய்த் தண்ணீர் ஒன்றில். கிருமி இருந்தால் கறுக்கும் என்றார். கதகதப்பு வேண்டுமாம், ரேவதி வீட்டு அரிசி டப்பாவுக்குள்ளேயே புதைத்து வைத்தார். மேலே ஒரு துணி. அடைகாக்கிற மாதிரி.

நவம்பர் 6, வியாழன்

சாமை விளைச்சல் பற்றி ஒரு கட்டுரை பாக்கி. மலைக்கு பஸ்ஸில் போனேன். (பிரேக்!) வளைவுக்கு வளைவு மேகம் கண்ணாடியில் ஒட்டுகிறது. பாதி வழியில் போனில் டவர் போய்விட்டது, இறங்கும்வரை வரவில்லை. ரேவதியின் ஊரைத் தாண்டித்தான் பஸ் போகும். அங்கிருந்து ஜி.எச். எவ்வளவு தூரம் என்று ஒவ்வொரு வளைவிலும் உடம்பு உணர்ந்தது.

அந்த ஊரில் இறங்கி ஊற்றைப் பார்க்கக் கேட்டேன். செருப்பை மேலேயே விடச் சொன்னார்கள். பாறை இடுக்கு, ஒரு முழம் அகலம். தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. அடியில் கிடக்கும் கூழாங்கல் காற்றில் கிடப்பதுபோல் இருந்தது. கை விட்ட பிறகுதான் தண்ணீர் என்று தெரிந்தது. குடித்தேன். வாசனை இல்லை, ருசி இல்லை, தொண்டையில் குளிர் மட்டும். இது சுத்தமா என்று எனக்குத் தெரியாது, சோதிக்க பாட்டில் கொண்டுபோகவில்லை. ஆனால் இதைக் குடித்து வளர்ந்தவளுக்குக் கீழே மைக்கில் மருந்து என்று சொன்னால் என்ன ஆகும் என்பது அங்கே குந்தியிருந்தபோது விளங்கியது. எழுந்திருக்க மனசில்லை. திரும்பி வந்த பஸ் ஹாரன் அடித்ததும் ஓடினேன்.

மாலை ரேவதி வீடு. நர்சம்மா அரிசிக்குள் கைவிட்டு எடுத்தார். கிணற்று பாட்டில் கறுப்பு. மைபோல. ஒரு நாளில், தானாக, அரிசிக்குள் இருந்தபடி. குழாய் பாட்டில் பளிங்கு. கூட்டம் கூடிவிட்டது. என் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்று தன்னைக் காட்டிக்கொள்வதை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

முடிந்தது பிரச்சினை என்றுதான் நினைத்தேன். நர்சம்மாவும்.

ரேவதி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். நிதானமாகக் கேட்டாள்: "கறுப்பானதுல உசுரு கீதுன்னு சொல்றீங்க. தெளிவா கீறதுல பூச்சிகூட பொழைக்கல. பூச்சியே பொழைக்காத தண்ணியில எம் புள்ள எப்படிங்க பொழைக்கும்?"

நர்சம்மா அளவு, டோஸ் என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். தப்பான முடிவு, ஆனால் தர்க்கத்தில் ஓட்டை இல்லை. வாழ்நாளெல்லாம் பேட்டி எடுத்திருக்கிறேன். இப்படி ஒரு கேள்வி நான் எந்த அதிகாரியிடமும் கேட்டதில்லை.

நாளைக் காலை பஸ். பை கட்டி வாசலில் வைத்திருக்கிறாள்.

நவம்பர் 7, வெள்ளி

வெயில். மலை கழுவிவிட்டதுபோல் நீலமாக, மரம் மரமாகத் தெரிகிறது.

காலையிலேயே போய்விட்டேன். செய்திக்காக என்று சொல்லிக்கொண்டேன். மறிக்க முடியாது, நான் யார். குழந்தை கண் குழிந்து, நேற்றைவிடச் சோர்வு. இரவு இரண்டு தடவை போனதாம். ரேவதி அதை என்னிடம் சொல்லவில்லை, பக்கத்து வீட்டு காமாட்சியிடம் சொன்னாள்.

காமாட்சி: கரும்பு வெட்டுகிறவர். புருஷன் கள்ளக்குறிச்சிக்கு லோடு ஏற்றப் போன இடத்தில் அந்தச் சாராயப் பாக்கெட்டைக் குடித்துச் செத்தவர். அப்போதே நான் காமாட்சியைப் பேட்டி கண்டிருக்கிறேன்.

குழாயில் தண்ணீர் வந்தது. யாரும் கிட்டே போகவில்லை. தானாக ஓடுகிறது. பயணத்துக்காக ரேவதி குழந்தையைக் கிணற்றுத் தண்ணீரிலேயே குளிப்பாட்டி, பவுடர் போட்டு, காமாட்சியிடம் கொடுத்துவிட்டுப் பையை எடுக்க உள்ளே போனாள். காமாட்சி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே குழாயடிக்குப் போனார். கையைக் குவித்துப் பிடித்தார். குடித்தார். திரும்பவும் பிடித்துக் குடித்தார்.

தெரு அப்படியே நின்றுவிட்டது. ஒரு கிழவர் மட்டும், "இன்னாம்மா, உனுக்கு சாவத் தேதி வந்துடுச்சா?" என்றார்.

காமாட்சி முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டார். "எங்க வூட்டுக்காரரு கடைசியா ஒண்ணு சொன்னாரு மாமா. எப்பவும் போலத்தான் இருந்துச்சி, ஒரு வித்தியாசமும் தெர்லன்னாரு. அது சொல்லாம கொன்னுது. இது வாசன காட்டிக்கினு வருது. சொல்லிட்டு வர்றது எதுக்கு என்னக் கொல்லப் போவுது?"

ரேவதி பையோடு வாசலில் நின்றாள். அக்கா, அது மருந்துக்கா என்றாள்.

காமாட்சி குழந்தையின் உச்சந்தலையை மோந்து பார்த்தார். "இவ மேல சோப்பு வாசன வருதே. நீ இன்னா, வெஷத்தையா தேச்ச? சாக்கடையில வுயுந்து எய்ந்த தண்ணிடி அது. குளிப்பாட்டி அனுப்பிக்கீறாங்க. காயறதுக்குள்ள வாசன பூடும்."

நர்சம்மா அந்த வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆமாம், குடத்தை மூடாமல் கொஞ்ச நேரம் வைத்தால் வாசனை போகும், பிறகு கொடுக்கலாம், குழந்தைக்கு அதிலேயே ஓ.ஆர்.எஸ். கலக்கலாம் என்றார். கலக்கலாம் என்றதும் நான் பல்லைக் கடித்தேன். யாரும் கவனிக்கவில்லை.

பிறகு நடந்தது: காமாட்சி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து குழாயடியில் போட்டு உட்கார்ந்தார். இன்றைக்குக் கரும்புக்குப் போகவில்லை, எனக்கு என்ன ஆகிறதென்று எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பார்த்தார்கள். வேலையாகப் போகிறவர்கள்கூட அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி சோறு கொண்டுவந்து கொடுத்தாள். ஒருத்தர் கண் தெரிகிறதா என்று விரலைக் காட்டினார். அந்தச் சாராயம் குடித்தவர்களுக்குக் கண்தான் முதலில் போனது. காமாட்சி விரலை எண்ணவில்லை. உன் நகத்தில் அழுக்கு இருக்கிறது என்றார். அதற்குச் சிரித்தார்கள். நான் சிரிக்க முடியாமல் மலையைப் பார்த்தேன்.

பஸ் வந்தது. ரேவதி ஏறவில்லை. அடுத்ததில் போகிறேன் என்றாள். குடத்தில் பிடித்து, மூடாமல் வாசற்படியில் வைத்தாள். அடிக்கொரு தரம் குனிந்து மோந்து பார்த்தாள். மத்தியான பஸ்ஸும் போனது. அதற்குப் பிறகு ஒரு தடவை குனிந்தவள் வாசனையைத் தேடி நிமிராமலே இருந்தாள். பிறகு ஒரு டம்ளர் எடுத்துவந்து, முதலில் தான் குடித்துவிட்டு, நர்சம்மாவை பொட்டலம் பிரிக்கச் சொன்னாள்.

யாழினி ஸ்பூனைக் கடித்துக்கொண்டு விடவில்லை.

செய்தி எழுத உட்கார்ந்தேன். ஒரு வரி வரவில்லை. டெஸ்க்குக்கு 'நிலைமை சீர்' என்று அனுப்பினேன்.

நவம்பர் 8, சனி

லேசான மேகம். பிரேக் சரிசெய்தாயிற்று. மாத்திரை வாங்கியாயிற்று.

பேரூராட்சியில் போய் அறிவிப்பை மாற்றச் சொன்னேன். அதிகாரி நல்ல மனிதர்தான். 'குளோரினேற்றம் செய்யப்பட்டுள்ளது' என்று போடலாமா என்றார். வேண்டாம் என்றேன். 'குளிப்பாட்டி' என்றதும் சிரித்துவிட்டு, அரசு அறிவிப்பில் அப்படியெல்லாம் வராது சார் என்றார்.

மாலை மைக் ஆட்டோ மேட்டுத் தெருவுக்குள் நுழைந்தபோது டிரைவர் யாரிடமும் கேட்காமல் மைக்கைக் காமாட்சியிடம் நீட்டிவிட்டார். "வாங்க கலெக்டரம்மா" என்று யாரோ. அவர் மைக்கை வாய்க்கு ரொம்பக் கிட்டே பிடித்ததால் முதல் வார்த்தை வெடித்தது. "தண்ணிய குளிப்பாட்டி வுட்டுக்கீறாங்க. புடிச்சி காய வெச்சி குடிங்க. கெணத்துப் பக்கம் போவாதீங்க." அவ்வளவுதான். பேரூராட்சி எந்தத் தெருவிலும் இதுவரை இவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை.

தண்ணீரைத் துணி மாதிரி காய வைப்பதாம். எழுதிப் பார்த்தால் அபத்தம். கேட்ட எல்லோருக்கும் புரிந்தது.

நவம்பர் 13, வியாழன்

விடாத மழை. குழாய் மூட்டு மாற்றி மண் மூடிவிட்டார்கள். ஜி.எச்.சில் மேட்டுத் தெரு ஆள் யாரும் இல்லை, கேட்டுவிட்டேன்.

யாழினி நடக்கிறாள். பிளாஸ்திரி போய்விட்டது, கொலுசுச் சத்தம் எதிர்வீடுவரை. குடை பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழாயடியில் சத்தம். என்னவென்று போனால் ரேவதி குடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், பின்னால் தெருவே வரிசையாக. யாரும் தண்ணீர் பிடிக்கவில்லை. திரும்பவும் ஆரம்பமா என்று எனக்குத் திக்கென்றது. ஆறுமுகம் சைக்கிளில் நனைந்துகொண்டு வந்தார்.

ரேவதி ஒரு கை தண்ணீரை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "மோந்து பாருங்க அண்ணா. இன்னிக்கு வாசனையே வர்ல. குளிப்பாட்டாம அனுப்பிட்டீங்களா?"

அவர் மோந்தார். காமாட்சி மோந்தார். என்னிடமும் நீட்டினாள், நானும் மோந்தேன். ஒன்றுமில்லை. வெறும் தண்ணீர்.

ஆறுமுகம் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு டேங்குக்குப் போனார். மழையில் அவர் ஏணியில் ஏறுவது இங்கிருந்தே தெரிகிறது. குடங்கள் எல்லாம் காலியாக, வரிசை கலையாமல் காத்திருக்கின்றன.