கடைசி நிறுத்தத்தில் பன்னிரண்டு நிமிடம்

மார்ச் 3

டிப்போவில் புது மென்பொருள் வந்துவிட்டது. எந்த வண்டியை யார், எத்தனை மணிக்கு எடுப்பது என்று பதினொரு வருடமாகப் பென்சிலும் ரப்பருமாக நான் மூன்று நாள் உட்கார்ந்து போடுகிற பணிப்பட்டியலை, அது ஆறு நிமிடத்தில் போட்டுவிட்டது. இனி நான் நாலு மணிக்கே வீட்டுக்குப் போகலாமாம், மேலாளர் சொன்னார். என் மனைவியும் அதே டிப்போவில்தான் பஸ் ஓட்டுகிறாள். விஷயத்தைச் சொன்னதும், "அப்போ ராத்திரி சமையல் உங்களுது" என்றாள். ஒப்புக்கொண்டேன். வேறு வழி?

மார்ச் 12

நாலு மணியாவது, ஒன்றாவது! ஆறு நிமிட வேலைதானே என்று மேலாளருக்கு மணிக்கொரு யோசனை வருகிறது. முன்பு மாதத்துக்கு ஒரு பட்டியல். இன்று மட்டும் ஐந்து. நேரம் மாறியவர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லி, திட்டும் வாங்கிக்கொண்டு, ஏழரைக்குக் கிளம்பினேன். சமைத்தது அவள்தான்.

மார்ச் 20

கிளம்பியது ஏழு நாற்பதுக்கு.

மார்ச் 27

அவள் தண்ணீர் பாட்டில் இன்றும் கொண்டுபோனபடியே திரும்பி வந்தது. இந்த வெயிலில் ஒரு மடக்குகூடக் குடிக்காமல் என்ன பிடிவாதம்? சத்தம் போட்டேன். போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 2

அவளுக்குக் காய்ச்சல், அடிவயிற்றில் வலி. சிறுநீர்த் தொற்று என்றார் டாக்டர். தண்ணீரே குடிப்பதில்லையா என்றும் கேட்டார். வெளியே வந்தபிறகுதான் சொன்னாள்: "குடிச்சா போகணும். கடைசி ஸ்டாப்புல இறங்கிப் போக எங்க நேரம்? உங்க பட்டியல்ல ரெண்டு நிமிஷம்தானே இருக்கு."

என் பட்டியல்.

கையால் போட்ட காலத்தில் அங்கே பன்னிரண்டு நிமிடம் விடுவேன். கழிப்பறை சாலைக்கு அந்தப் பக்கம். எதற்கு அந்த நேரம் என்று யாரும் எழுதி வைத்ததில்லை, எல்லோருக்கும் தெரியும். மென்பொருளுக்கு விவரம் ஏற்றியபோது வேறு கட்டம் இல்லையென்று, அந்தப் பன்னிரண்டையும் 'சும்மா நிற்கும் நேரம்' என்ற கட்டத்தில் போட்டவன் நானேதான். அதில் பத்தை மென்பொருள் கத்தரித்துவிட்டது. தினமும் ஐந்து முறை பார்க்கிறேனே, கண் எங்கே போச்சு எனக்கு? இந்த லட்சணத்தில் அவகிட்ட சத்தம் வேற. மடையன்.

ஏப்ரல் 4

அந்தப் பத்து நிமிடத்தைத் திருப்பித் தரச் சொல்லி மேலாளரிடம் கேட்டுப் பார்த்தேன். "சும்மா நிக்கிற வண்டிக்கு மேலிடத்துல நான் என்ன பதில் சொல்றது?" என்றார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவரும் எட்டு மணிக்குத்தான் வீட்டுக்குப் போகிறார்.

ஏப்ரல் 9

கடைசி இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே ஓட்ட நேரம் நான்கு நிமிடம். அதைப் பதினான்கு ஆக்கினேன். வண்டி நான்கிலேயே போய்விடும், மீதிப் பத்து கடைசி நிறுத்தத்தில் அவர்களுக்கு. காரணம் என்று எழுதிய பொய்: சாலைப் பணி. அவள் வண்டிக்கு மட்டுமல்ல, எல்லா வண்டிக்கும். ஆனால் ஒவ்வொரு புதுப் பட்டியலிலும் அது பழையபடி நான்காகிவிடுகிறது. மறுபடி முப்பத்தெட்டு வண்டிக்கும் ஒவ்வொன்றாக நான் மாற்ற வேண்டும். மாட்டினால் வேலை போகும். பயமாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 21

எட்டேகாலுக்கு வீடு. "நாலு மணின்னாரே உங்க மேலாளர்" என்றபடி சாப்பாடு எடுத்து வைத்தாள். ஏன் இவ்வளவு நேரம் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு அவள் பாட்டிலைக் கழுவ எடுத்தேன். காலியாக இருந்தது.