கூட்டுபவர் பஞ்சம்மாள்

விருதுநகர்,
12-9-1958

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

ஆவுடைத்தாய் எழுதுவது. இங்கே நானும் குழந்தைகளும் நம் சேவா சங்கமும் சுகம். தாம்பரம் ஆஸ்பத்திரியில் இருமல் எப்படி இருக்கிறது, இரண்டு வேளையும் பால் குடிக்கிறீர்களா, பக்கத்துக் கட்டில்காரரிடம் அரசியல் பேசித் தொண்டையைப் புண்ணாக்கிக்கொள்ளாமல் இருக்கிறீர்களா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். 'எல்லாம் நலம்' என்று ஒரே வரியில் முடித்தால் நான் நம்பமாட்டேன்.

சங்கத்தில் ஒரு கூத்து நடந்துவிட்டது. சிரிப்பதா, உங்களுக்குப் பயப்படுவதா என்று தெரியாமல் எழுதுகிறேன்.

ஆமத்தூரில் நடக்கப்போகும் ஆண்டுக் கூட்டத்துக்கு அழைப்பிதழ் அடிக்கச் சொன்னீர்கள் அல்லவா? வழக்கமான அச்சாபீஸில் காலண்டர் சீசன் என்று கையை விரித்துவிட்டார்கள். சிவகாசியிலேயே வேறொரு சின்ன அச்சாபீஸுக்கு எழுதி அனுப்பினேன். தேதி, இடம், தலைவர் மிளகாய் மண்டி சீனிவாசகம் அண்ணாச்சி பெயர் எல்லாம் சரியாகவே எழுதினேன். கடைசியில் 'இங்ஙனம், கூட்டம் கூட்டுபவர்' என்று போட்டுவிட்டு, அதன்கீழ் செயலாளராகிய உங்கள் பெயர் வர வேண்டிய இடத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். கட்டின புருஷன் பெயரை என் கையால் எப்படி எழுதுவேன்? ஊருக்கே தெரிந்த பெயர்தானே, அவர்களே போட்டுக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டேன். புது அச்சாபீஸ் என்பது அப்போது நினைவில் இல்லை.

பின்பக்கத்தில் போடுவதற்காக, நீங்கள் எழுதி வைத்துவிட்டுப் போன பணியாளர் பட்டியலையும் கூடவே அனுப்பியிருந்தேன். எழுத்தர் நாகையா, விடுதிச் சமையல் மூக்கம்மாள், கூட்டுபவர் பஞ்சம்மாள் என்று அதில் இருந்தது. எதைக் கூட்டுபவர் என்று நீங்கள் எழுதவில்லை. விளக்குமாற்றை எடுத்து ஆபீஸைக் கூட்டுகிறவள் என்று நமக்குத் தெரியும். அச்சுக் கோக்கிறவருக்குத் தெரியுமா? காலியாகக் கிடந்த இடத்துக்கு ஆள் தேடியிருக்கிறார், கிடைத்துவிட்டது. முன்னூறு அழைப்பிதழிலும் 'கூட்டம் கூட்டுபவர், பஞ்சம்மாள்' என்று கொட்டை எழுத்தில் அடித்து அனுப்பிவிட்டார்.

கட்டு வந்தபோது நான் விடுதியில் இருந்தேன். பிரித்தது பஞ்சம்மாள்தான். நான் ஆபீஸுக்குள் நுழைந்தபோது, விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, நம் முதியோர் வகுப்பில் படித்த படிப்பை வைத்து எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். விரல் தன் பெயருக்கு வந்ததும் நின்றுவிட்டது. "தாயி, இது எம் பேருதானே? நானா எல்லாரையும் கூப்பிடுறேன்?" என்று கேட்டாள்.

அச்சுப்பிழை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு சொல்ல முடியவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். அன்று மாலையே கட்டைத் தூக்கிக்கொண்டு தன் ஊரான ஆமத்தூருக்குப் போய், சேரி, மேலத்தெரு என்று பார்க்காமல் ஒரு வீடு விடாமல் கொடுத்திருக்கிறாள். என்னிடம் மிச்சம் இருப்பது நாற்பது.

அங்கே நிலபுலன் உள்ள பெரிய சம்சாரி சோலைமலை இருக்கிறாரே, பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவர், அவர் கடைவீதியில் நின்று, "ஆபீஸக் கூட்டுறவ கூப்பிட்டா நாங்க வந்து உக்காரணுமாக்கும்?" என்று கேட்டாராம். அண்ணாச்சிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கூட்டம் இருபத்தொன்றாம் தேதி. மேலத்தெருவார் வராமல் போனால், அவர்களையும் சேரியையும் ஒன்றாக உட்காரவைக்க ஆறு வருஷமாக நீங்கள் அலைந்தது வீணாகிவிடும். பிழை என்று அறிவித்தால் பஞ்சம்மாள் முகத்தில் என்னால் விழிக்க முடியாது. என்ன செய்யட்டும் என்று உடனே எழுதுங்கள்.

உங்கள் பதிலுக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
ஆவுடைத்தாய்


விருதுநகர்,
24-9-1958

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

உங்கள் கார்டு கூட்டத்துக்கு முந்தின நாள் கிடைத்தது. எடை இரண்டு பவுண்டு கூடியிருப்பதை வாசித்ததும் மூக்கம்மாளைக் கூப்பிட்டு விடுதிப் பிள்ளைகளுக்குப் பாயசம் வைக்கச் சொல்லிவிட்டேன்.

'பஞ்சம்மாள் பெயர்மேல் என் பெயர் எழுதிய சீட்டை ஒட்டு, மேடையில் அண்ணாச்சி விளக்கம் சொல்லட்டும்' என்று எழுதியிருந்தீர்கள். பசை காய்ச்சினேன். பொய் சொல்லவில்லை, ஒரு சட்டி நிறையக் காய்ச்சினேன். பிறகு அதை விடுதிப் பிள்ளைகள் நோட்டுக்கு அட்டை போட எடுத்துக்கொண்டார்கள். அண்ணாச்சியிடம் உங்கள் கார்டைக் காட்டவே இல்லை. கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுவதும் வாசித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கூட்டம். இத்தனை வருஷமும் சேரியிலிருந்து பத்துப் பேர் வந்து ஓரமாக நிற்பார்களே, இந்தத் தடவை "நம்ம பஞ்சு கூப்பிட்டிருக்கா" என்று தலை சீவிப் பூ வைத்துப் பெண்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். அதை வேடிக்கை பார்க்க மேலத்தெருவில் பாதி வந்தது. சோலைமலையும் தம் வீட்டு அம்மாளோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

அண்ணாச்சி தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்வரிசையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். பஞ்சம்மாள் எழுந்து, "அண்ணாச்சி, செத்த இருங்க. கூட்டுறதுன்னா மூலையில இருந்துதான் கூட்டிட்டு வரணும். நடுவுல ஆரம்பிச்சா மூலையில கெடக்குறது அங்கனயே கெடக்கும்" என்று சொல்லிவிட்டு, நேரே கடைசி வரிசைக்குப் போனார். அங்கே மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கருப்பம்மாளிடம், "நீ சொல்லு மொதல்ல" என்றார்.

போன கடிதத்தில் பஞ்சம்மாளை 'அவள்' என்று எழுதினேன். அந்த நிமிஷத்திலிருந்து கை தானாக 'அவர்' என்று எழுதுகிறது.

கருப்பம்மாள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். அவள் மகள் பள்ளிக்கூடத்துப் பானையில் மொண்டு குடிக்கக் கூடாதாம். யாராவது ஊற்ற வேண்டுமாம். "ஊத்த ஆளில்லாத அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் தவிச்ச வாயோட இருந்துட்டு, வீட்டுக்கு வந்து அரைக் குடத்தக் குடிக்கா" என்றாள். எனக்கு உடம்பு கூசிவிட்டது அத்தான். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நீங்களும் நானும் மூன்று தடவை போயிருக்கிறோம். 'எல்லாப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள்' என்று அறிக்கையில் சந்தோஷமாக எழுதியிருக்கிறோம். பானையை நாம் பார்க்கவே இல்லை. ஆறு வருஷமும் முன்வரிசையில் ஆரம்பித்தோம், பின்வரிசைக்கு வருவதற்குள் நன்றியுரை வந்துவிட்டது.

எல்லாரும் சோலைமலையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் துண்டைச் சரிசெய்துகொண்டு, வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே என்று இழுத்தார். அவர் வீட்டு அம்மாள் பெண்கள் பக்கமிருந்து எழுந்தார். "பச்சப்புள்ள தண்ணி குடிக்கிறதுல என்னங்க வழக்கம்? நாளைக்கே மொண்டு குடிக்கட்டும்னு சொல்லுங்க. இல்லாட்டி நம்ம வீட்டுலயும் நான் ஊத்துறப்பதான் உங்களுக்குத் தண்ணி" என்றாரே பார்க்கலாம்! வேப்பமரமே குலுங்குவதுபோலச் சிரிப்பு. சோலைமலையும் சிரிப்பை அடக்க முடியாமல், "சரி சரி, குடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை நானே போய்ப் பார்த்தேன். அந்தக் குழந்தை பானைக்குள் செம்பை விட்டு மொண்டு குடித்தது. தாகம் தீர்ந்த பிறகும் இன்னொரு செம்பு மொண்டு, பாவாடையெல்லாம் நனைத்துக்கொண்டு குடித்தது. வாசலில் நின்ற பஞ்சம்மாள் அழுதார். நான் மட்டும் அழாமல் இருந்திருப்பேனா?

எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். மேலத்தெருவில் இரண்டு வீட்டார் அன்றைக்கே பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் வீட்டு வாசலுக்கும் போய்ப் பேசப்போவதாகப் பஞ்சம்மாள் சொல்கிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஊர் ஊராகப் போய் மக்களைச் சேர்க்கும் அமைப்பாளர் வேலைக்கு எட்டு மாதத்தில் மூன்று பட்டதாரிகளைப் பார்த்துவிட்டோம். கடைசியாக வந்தவர் சேரியில் மோர் கொடுத்தார்கள் என்று மறுநாளே பெட்டியைக் கட்டினார். அந்த வேலையைப் பஞ்சம்மாளுக்குக் கொடுக்க வேண்டும். அண்ணாச்சி சம்மதித்துவிட்டார். ஐந்தாம் தேதி நிர்வாகக் குழு கூடுகிறது. செயலாளர் கையெழுத்து இல்லாமல் நியமன உத்தரவு செல்லாதாம், நாகையா விதியைக் காட்டுகிறார். உங்கள் கையெழுத்து வராவிட்டால் பஞ்சம்மாள் மறுபடி விளக்குமாற்றைத்தான் எடுக்க வேண்டும். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அமைப்பாளருன்னா எங்க சனத்துக்குப் புரியாது தாயி. கூட்டுபவர்னே இருக்கட்டும்."

உத்தரவு வருமுன்பே அவர் ஊர்களுக்குப் போகத் தொடங்கிவிட்டதால், ஆபீஸை நாங்கள் முறைவைத்துக் கூட்டுகிறோம். திங்கள் நான், செவ்வாய் நாகையா, புதன் அண்ணாச்சி, வியாழன் மூக்கம்மாள். இன்று அண்ணாச்சி முறை, எவ்வளவு சொல்லியும் நடுவில்தான் ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை உங்களுடையது. தூசி ஆகாது என்று டாக்டர் சொன்னால் தண்ணீர் தெளித்துத் தருகிறேன்.

உத்தரவை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். டாக்டர் விடுவதாக இருந்தால் நீங்களே கையில் கொண்டு வாருங்கள். உங்கள் பெயர் வர வேண்டிய இடத்தை இந்தத் தடவையும் நான் வெறுமையாகத்தான் விட்டிருக்கிறேன். இதை மட்டும் வேறு யாரும் நிரப்ப முடியாது அத்தான், சீக்கிரம் வாருங்கள்.

இங்ஙனம்,
திங்கட்கிழமை கூட்டுபவர்,
உங்கள் ஆவுடைத்தாய்